டேட்டன் விமானப்படை மியூசியம்: ஹனோய் டாக்சிக்காகப் போகிறவர்களுக்கு

ஒஹாயோ பக்கம் யார் போனாலும் நான் முதலில் சொல்லும் இடம் டேட்டனில் இருக்கும் அமெரிக்க விமானப்படையின் தேசிய மியூசியம்தான். நுழைவுச் சீட்டு கிடையாது, பார்க்கிங்குக்கும் காசு கிடையாது. ஹேங்கர் மாதிரி நாலு பெரிய கட்டடங்கள், 350க்கும் மேற்பட்ட விமானங்கள், ஏவுகணைகள். ஆனால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் கென்னடி பறந்த போயிங், நாகசாகியில் குண்டு போட்ட பாக்ஸ்கார் என்று இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அவை பார்க்க வேண்டியவைதான், இல்லை என்று சொல்லவில்லை. எனக்குப் பிடித்தது நாலாவது கட்டடத்தில் நிற்கும் ஹனோய் டாக்சி என்ற சரக்கு விமானம், 1973இல் வட வியட்நாமிலிருந்து அமெரிக்கப் போர்க் கைதிகளை ஏற்றி வந்தது. ரிசர்வில், அதாவது பகுதிநேரப் படையில் இருந்துகொண்டே ஒருவர் எப்படி ஜெனரல் ஆகிறார் என்ற கேள்விக்கு அந்த விமானத்தின் அருகில் நின்றால் கிடைக்கும் பதில் வேறு எங்கேயும் கிடைக்காது.

ரிசர்வ் என்றதும் ஓய்வு பெற்றவர்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கும் பட்டியல் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அமெரிக்க ஏர் ஃபோர்ஸ் ரிசர்வ் அப்படி இல்லை. 1948 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது, தலைமையகம் ஜார்ஜியாவில் ராபின்ஸ் தளம். மாதம் ஒரு வாரக்கடைசி, வருடத்துக்கு இரண்டு வாரம் என்பது விளம்பரத்தில் சொல்லும் கணக்கு. மற்ற நாட்களில் ஆளுக்கொரு வேலை, பைலட்டுகள் பலர் பயணிகள் விமானம் ஓட்டுவார்கள். பென்ஷன் கணக்குதான் வேடிக்கை. நாலு மணி நேரப் பயிற்சிக்கு ஒரு பாயிண்ட், ஆக ஒரு வாரக்கடைசிக்கு 4, பெயர் பட்டியலில் இருப்பதற்கே வருடத்துக்கு 15, இப்படி எல்லாம் சேர்த்து 50 பாயிண்ட் தொட்டால்தான் அது 'நல்ல வருடம்', அந்த மாதிரி நல்ல வருடம் 20 சேர்ந்தால்தான் பென்ஷன், அதுவும் பொதுவாக 60 வயதுக்குப் பிறகு! முழுநேர ஆள் 20 வருடம் முடித்த கையோடு பென்ஷன் வாங்கத் தொடங்கிவிடுவார். ரிசர்வ் ஆள் அதே 20ஐ முடித்துவிட்டு வயது ஏறக் காத்திருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு போனால், அங்கே படத்தில் சிரிக்கும் ஜெனரல்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

இப்போது, முதலில் சொன்ன அந்தக் கேள்விக்குப் பதிலாக நிற்கும் ஆளுக்கு வருவோம். எட்வர்ட் மெக்கன்பியர், 1964இல் விமானப்படை அகாடமியில் படிப்பை முடித்தவர். வியட்நாம் போரில் எஃப்-4சி போர் விமானம் ஓட்டப் போனார், 1967 ஜூன் 14 அன்று வட வியட்நாமுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டார். அங்கிருந்து 1973 பிப்ரவரி 18 வரை சிறை, ஐந்தரை வருடத்துக்கும் மேல். வெளியே வந்தவர் 1975இல் முழுநேரச் சேவையை விட்டார். பெரும்பாலானவர்கள் அதோடு போதும் என்று இருந்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. இவர் ஒஹாயோவின் ஏர் நேஷனல் கார்டில் சேர்ந்து மறுபடி போர் விமானம் ஓட்டினார், எஃப்-100, அப்புறம் ஏ-7. கார்டும் ரிசர்வும் ஒன்று என்று சிலர் நினைப்பதுண்டு. கார்டுக்கு மாநில ஆளுநரும் எஜமான், ரிசர்வ் முழுக்க மத்திய அரசின் கையில். 1991இல் இவர் ரிசர்வுக்கு மாறினார், அங்கே மேஜர் ஜெனரல் வரை போனார்.

இந்த வரிசையிலேயே மியூசியத்தைப் பார்க்கலாம் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். காட்சிகளை அவர்கள் போர் வாரியாக அடுக்கியிருக்கிறார்கள், ஒரு மனிதரின் வேலை வாழ்க்கையைத் தேடிப் போகிறவர் அதைத் தானே கோத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாவது கட்டடத்தில் தென்கிழக்கு ஆசியப் போர் பகுதிக்கு நேராகப் போங்கள். எஃப்-4சி அங்கே நிற்கிறது (அது வியட்நாம் போரின் பிரபல போர் விமானி ராபின் ஓல்ட்ஸ் ஓட்டியது, அவர் கதையே தனி), எஃப்-100ம் ஏ-7ம் அதே கூரையின் கீழ்தான். மெக்கன்பியர் ஓட்டிய அதே விமானங்கள் இல்லை, அதே ரகங்கள். கைதிகளுக்கான காட்சியும் அங்கேதான் இருக்கிறது, சிறை அறைகளை மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். பேசினால் அடி என்பதால் கைதிகள் சுவரைத் தட்டித்தான் பேசிக்கொண்டார்கள்: ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் எழுத்துகள், முதலில் தட்டும் எண்ணிக்கை வரிசையைச் சொல்லும், அடுத்துத் தட்டும் எண்ணிக்கை அந்த வரிசையில் எத்தனையாவது என்று சொல்லும், ஆங்கிலத்தின் 26 எழுத்தில் ஒன்று மிஞ்சுவதால் 'கே'யைத் தூக்கிவிட்டு 'சி'யை வைத்தே சமாளித்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது விரலால் தட்டிப் பார்த்தேன், என் பெயரை முடிப்பதற்குள் எண்ணிக்கை குழம்பிவிட்டது.

மூன்றாவது கட்டடத்தை வேகமாகக் கடக்கலாம். நேரம் இருந்தால் நில்லுங்கள், பனிப்போர் விமானங்கள் நிறைய.

நாலாவது கட்டடம் 2016இல் திறந்தது. எக்ஸ்பி-70 வால்கிரி என்ற சோதனைக் குண்டுவீச்சு விமானத்தைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள், அந்த விமானத்துக்கு அது தகும். ஹனோய் டாக்சி இதே கட்டடத்தில்தான் நிற்கிறது. சி-141 ஸ்டார்லிஃப்டர், வால் எண் 66-0177, வெள்ளையும் சாம்பலுமாகப் பழைய பெயின்ட். 1973 பிப்ரவரி 12 அன்று கைதிகளை ஏற்ற ஹனோயில் முதலில் இறங்கிய சி-141 இதுதான். அந்த வருடம் ஊர் திரும்பிய கைதிகள் மொத்தம் 591 பேர்.

கிட்டே போய் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, காக்பிட்டுக்கு மேலே திமில் மாதிரி ஒரு புடைப்பு. இன்னொன்று, உடம்பின் நீளம். இரண்டும் 1973இல் கிடையாது! இந்த விமானத்தில் எடை வரம்பைத் தொடுவதற்கு முன்னாலேயே இடம் நிரம்பிவிடும், அதனால் எழுபதுகளின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, இறக்கைக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு என்று 23 அடிக்கு மேல் நீட்டினார்கள். புடைப்பு, பறந்துகொண்டே எரிபொருள் வாங்கிக்கொள்வதற்கு. கைதிகளை ஏற்றி வந்தபோது இருந்த விமானத்தை வெட்டி ஒட்டி வேறொரு வேலைக்குத் தயார் செய்து, கடைசியில் ரிசர்வுக்குக் கொடுத்தார்கள். ரிசர்வின் 445ஆவது ஏர்லிஃப்ட் விங் என்ற போக்குவரத்துப் பிரிவு, இருப்பிடம் ரைட்-பேட்டர்சன் தளம், அதாவது மியூசியம் இருக்கும் அதே தளம். 2005இல் கத்ரீனா புயலில் ஆட்களை வெளியேற்றவும் இந்த விமானம் போயிருக்கிறது.

மெக்கன்பியரின் கடைசிப் பதவியும் இதே தளத்தில்தான். விமானங்களையும் ஆயுதங்களையும் உருவாக்கிப் பராமரிக்கும் விமானப்படையின் மெட்டீரியல் கமாண்டுக்குத் தலைமையகம் ரைட்-பேட்டர்சன், அதன் தளபதிக்கு ரிசர்வ் தரப்பில் உதவியாக இருக்கும் ஜெனரல் பதவி. ரிசர்வில் ஜெனரல் ஆகிற பலருக்கு இந்த மாதிரிப் பதவிதான் கிடைக்கும்: நாற்காலி முழுநேரத் தளபதியுடையது, அவர் இல்லாதபோதும் போர் வந்து வேலை பெருகும்போதும் அதைத் தாங்க இன்னொருவர் தயாராக இருக்க வேண்டும், ஆனால் பெயர்ப் பலகை அந்த இன்னொருவருடையது இல்லை. பாராட்டு கம்மி, பொறுப்பு அப்படியே இருக்கும். எனக்கு என்னவோ, முழுநேர ஜெனரலாக இருப்பதைவிட இது கஷ்டம் என்றே படுகிறது.

2004 மே மாதம் இரண்டு அமெரிக்க வீரர்களின் எஞ்சிய உடல் பாகங்களைக் கொண்டுவர ஹனோய் டாக்சி மறுபடி வியட்நாம் போனது. ஓட்டிக்கொண்டு போனது மெக்கன்பியர். வியட்நாம் கைதிகளில் விமானப்படைச் சீருடையில் அப்போதும் மிச்சம் இருந்தவர் அவர் ஒருவர்தான், அந்தக் கோடையிலேயே ஓய்வும் பெற்றார். இரண்டு வருடம் கழித்து, 2006 மே மாதம், விமானமும் ஓய்வுக்கு வந்தது. விமானப்படையில் கடைசியாகப் பறந்த சி-141 இதுதான். இந்தத் தகவல்களைத் தெரிந்துகொண்டு முன்னால் நின்றால் அரை மணி நேரம் தானாக ஓடிவிடும், தெரியாமல் போனால் பெரிய சரக்கு விமானம் என்று படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். எனவே கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

சரி, ரிசர்வ் ஜெனரல் பதவி பிரபலங்களுக்குச் சும்மா கொடுப்பதுதானே என்று என்னோடு வந்த நண்பர் கேட்டார். அவர் மனதில் இருந்தது நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அந்த ஆள் இரண்டாம் உலகப் போரில் பி-24 குண்டுவீச்சு விமானத்தில் 20 முறை போருக்குப் பறந்து கர்னல் ஆனவர். அப்படியும் 1957இல் பிரிகேடியர் ஜெனரல் பதவிக்குப் பெயர் போனபோது, ரிசர்வ் பயிற்சி போதவில்லை என்று செனட்டில் எதிர்ப்புக் கிளம்பி நிராகரித்துவிட்டார்கள். 1959இல்தான் கிடைத்தது. புகழுக்காகக் கொடுத்திருந்தால் முதல் தடவையே கொடுத்திருப்பார்களே. நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை, நாங்கள் கார் வரை சண்டை போட்டுக்கொண்டே போனோம்.

போகிறவர்களுக்கு: காலை 9 முதல் மாலை 5 வரை, வாரம் முழுக்கத் திறந்திருக்கும். நன்றி நவிலும் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு மூன்று நாளும் விடுமுறை. உட்புறம் மட்டுமே 19 ஏக்கர், செருப்பைப் பற்றி யோசித்துப் போடுங்கள். குழந்தைகளோடு போனால் நாலாவது கட்டடத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவது புத்திசாலித்தனம், அதிபர் விமானங்களுக்குள் ஏறிப் பார்க்கலாம், கடைசியில் போனால் அவர்கள் களைத்திருப்பார்கள். சினிமாவுக்கும் சிமுலேட்டருக்கும் தனிக் கட்டணம். அவை இல்லாமலே ஒரு நாள் போதாது, நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.