பரவளையத்தின் சமன்பாடு: டர்னிங் பாயின்டா, குவியமா?

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் கணக்குச் சொல்லித் தருகிறேன். பரவளையம் என்றாலே அவர்கள் எழுதுவது ஒய் = ஏ(எக்ஸ் + பி)² + க்யூ. டர்னிங் பாயின்டை, அதாவது வளைவு திரும்பும் முனையைப் போட்டு, இன்னொரு புள்ளியை வைத்து ஏ கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. ஊரில் நான் படித்தது வேறு: குவியம் என்ற புள்ளிக்கும் இயக்குவரை என்ற கோட்டுக்கும் சம தூரத்தில் இருக்கும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்ததே பரவளையம்.

ஒரே கணக்கை இரண்டு வழியிலும் போட்டுப் பார்க்கலாம். குவியம் (3, 2), இயக்குவரை எக்ஸ் அச்சு. டர்னிங் பாயின்ட் இரண்டுக்கும் நடுவில், அதாவது (3, 1). அங்கிருந்து குவியம் 1 அலகு தூரம், அதனால் ஏ = 1 ÷ (4 × 1) = ¼. இரண்டே வரி. ஆனால் அந்த 4 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள்.

வரையறையிலிருந்து போனால் (எக்ஸ் − 3)² + (ஒய் − 2)² = ஒய்². விரித்தால் ஒய்² இரண்டு பக்கமும் அடிபட்டு, (எக்ஸ் − 3)² = 4(ஒய் − 1) நிற்கும். 4 கண் முன்னாலேயே வருகிறது, மனப்பாடம் வேண்டாம்.

எக்ஸ் அச்சை வெட்டும் புள்ளிகளை வைத்துப் போடும் வழி இங்கே ஆரம்பிக்கவே முடியாது. வளைவு அச்சைத் தொடவில்லை. மூன்று புள்ளிகளை வைத்து மூன்று சமன்பாடு தீர்க்கலாம், விடை வரும், நேரம்தான் போகும்.

உண்மையான வித்தியாசம் அச்சு சாயும்போதுதான் தெரியும். இங்கே கூரை மேல் இருக்கும் டிஷ்களைப் பாருங்கள், வடகிழக்கு வானத்தை நோக்கிச் சாய்ந்தே நிற்கும். குவியம் (1, 1), இயக்குவரை எக்ஸ் + ஒய் = 0 என்று கொடுத்தால் டர்னிங் பாயின்ட் சூத்திரத்தில் எதைப் போடுவது? வரையறைக்கு அந்தச் சிக்கலே இல்லை: (எக்ஸ் − 1)² + (ஒய் − 1)² = (எக்ஸ் + ஒய்)² ÷ 2. சுருக்கினால் (எக்ஸ் − ஒய்)² = 4(எக்ஸ் + ஒய் − 1). முனை (½, ½) சரியாக இதில் பொருந்தும்.

தேர்வு அறையில் டர்னிங் பாயின்ட் வழிதான் வேகம், அதை நான் தடுப்பதில்லை. ஆனால் சூத்திரம் தருவதற்கு முன்னால், கட்டத் தாளில் ஸ்கேல் வைத்து, முதல் கணக்கின் குவியத்துக்கும் கோட்டுக்கும் சம தூரத்தில் ஐந்து புள்ளிகளாவது குறிக்கச் சொல்கிறேன். (1, 2), (5, 2) இரண்டையும் அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.