திருட்டுக் கடிதத்துக்குப் பிறகு நான்கு ஆண்டுகள்: எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் அனுபவம்

நாச்சியார்கோயில் குத்துவிளக்குகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் மாமாவின் கும்பகோணம் கடைக்கு மின்னஞ்சல் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2021 ஐப்பசியில் சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "வங்கிக் கணக்கை மாற்றிவிட்டீர்களாமே?" மாற்றவே இல்லை. கடை முகவரியிலிருந்தே வந்ததுபோல் அவருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. எங்கள் சர்வரிலிருந்து அப்படி எதுவும் புறப்படவில்லை. பணம் அனுப்புவதற்கு முன் அவர் கேட்டதால் தப்பித்தோம். அன்றிரவு மாமா சாப்பிடவில்லை.

இன்லண்டு கடிதத்தின் பின்புறம் யார் முகவரியையும் யாரும் எழுதலாம். மின்னஞ்சலை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும், 1982-இல் வந்த எஸ்.எம்.டி.பி. நெறிமுறையும் அப்படித்தான், அனுப்புநரை நம்பிவிடும். எங்கள் பெயரில் அனுப்ப உரிமையுள்ள சர்வர்கள் எவை என்று, இணையப் பெயர்களின் பொதுப் பதிவேடான டி.என்.எஸ்.ஸில் எழுதிவைப்பது எஸ்.பி.எஃப். ஒவ்வொரு கடிதத்துக்கும் அரக்கு முத்திரை வைப்பது டி.கே.ஐ.எம்.

எஸ்.பி.எஃப். ஒரே மாலையில் முடிந்தது. ஆனால் அதைச் சரிபார்க்கும்போது பத்து டி.என்.எஸ். தேடல்களுக்கு மேல் போகக்கூடாது. எங்கள் பெயரில் கடிதம் அனுப்பும் கூரியர் போன்ற சேவைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்ததில் வரம்பு மீறி, பதிவே பிழையாகிவிட்டது. டி.கே.ஐ.எம். இரண்டு நாள் வாட்டியது. முத்திரையைச் சரிபார்க்க டி.என்.எஸ்.ஸில் வைக்கும் 2048 பிட் சாவி, ஒரு துண்டுக்கு உள்ள 255 எழுத்து வரம்பைத் தாண்டுவதால் இரண்டு துண்டாக இடவேண்டும். டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வாங்கிய நிறுவனத்தின் இணையப் பக்கமோ சத்தமில்லாமல் பாதியை வெட்டிவிட்டது.

மூன்றில் என் மனத்துக்கு நெருக்கமானது டிமார்க். வாசகர் கண்ணில் படும் அனுப்புநர் டொமைனோடு மேற்கண்ட இரண்டில் ஒன்றாவது பொருந்துகிறதா என்று அது பார்க்கிறது. பொருந்தாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதை நாமே சொல்லலாம். எடுத்தவுடன் 'நிராகரி' என்று போட்டுவிடாதீர்கள். நான் ஐந்து மாதம் 'கண்காணிப்பு' நிலையிலேயே வைத்து, பெறும் சர்வர்கள் அனுப்பிய எக்ஸ்.எம்.எல். அறிக்கைகளைப் படித்தேன். எங்கள் பில் மென்பொருளே முத்திரையில்லாமல் எங்கள் பெயரில் அனுப்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவசரப்பட்டிருந்தால் எங்கள் பில்கள்தான் முதலில் திரும்பியிருக்கும். அதன்பின் 'ஒதுக்கிவை', பிறகு 'நிராகரி'. இப்போது எங்கள் பெயரைத் திருடி வரும் கடிதங்கள் வாசலிலேயே நிறுத்தப்படுவதை அறிக்கையில் பார்க்கும்போது மனம் ஆறுகிறது.

2024 பிப்ரவரியில், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு கூகுள் இந்த மூன்றையும் கட்டாயமாக்கியது. நாங்கள் அவ்வளவு பெரியவர்கள் இல்லை; ஆனாலும் எல்லாம் முன்பே தயாராக இருந்தது.

இதனால் எங்களுக்கு வரும் ஸ்பாம் நின்றுவிடவில்லை. சொந்த டொமைன் வாங்கிய ஸ்பாம்காரர் மூன்று சோதனையிலும் தேறிவிடுவார். ஓரெழுத்து மாற்றிய போலி டொமைனும் அப்படியே. எனவே உள்ளடக்க வடிகட்டி தனியே ஓடுகிறது. புதியவர் கடிதத்தை முதலில் திருப்பிவிட்டு மறுமுறை ஏற்கும் கிரேலிஸ்டிங்கையும் வைத்துப் பார்த்தேன். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் தாமதமானதால் எடுத்துவிட்டேன். வங்கிக் கணக்கு பற்றி எது வந்தாலும் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுமாறு வாடிக்கையாளர்களிடம் இன்றும் சொல்கிறோம்.

கார்த்திகை ஆர்டர்கள் குவிவதற்கு முன் ஆண்டுதோறும் டி.கே.ஐ.எம். சாவியை மாற்றிவிடுகிறேன். பழைய சாவியை உடனே அழிப்பதில்லை. வழியில் நிற்கும் கடிதங்களுக்காக ஒரு வாரம் விட்டுவைக்கிறேன்.