மிதக்கும் படகுத்துறைக்கு வயரிங்: பிரித்தானிய விதியா, அமெரிக்க விதியா?

இலங்கையில் வயரிங்குக்கு அளவுகோல் பி.எஸ். 7671 என்ற பிரித்தானிய விதிநூல். படகுத்துறைகளுக்கு அதன் 709ஆம் பிரிவு. ஆனால் நுவரெலியாவின் கிரகரி வாவிக்கோ காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கோ துறை போடுபவர்கள் இணையத்தில் எடுக்கும் வரைபடங்கள் பல அமெரிக்க மின் விதிநூலான என்.இ.சி.யின் 555ஆம் பிரிவைப் பின்பற்றியவை. இரண்டிலும் பாதிப் பாதி எடுத்து ஒட்டினால்தான் வில்லங்கம்.

பிரித்தானிய விதியில் ஒவ்வொரு சொக்கெட்டுக்கும் தனியாக, மின்கசிவில் விழும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும். அது நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும். அமெரிக்க விதி (2020 பதிப்பு) படகுக்கான சொக்கெட்டுக்கு 30, கரையிலிருந்து வரும் பிரதான கேபிளுக்கு (ஃபீடர்) 100, மற்ற சொக்கெட்டுகளுக்கு ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியரில் விழும் ஜி.எஃப்.சி.ஐ. (அமெரிக்க ட்ரிப் சுவிட்ச்) என்கிறது. அந்த ஜி.எஃப்.சி.ஐ. 120 வோல்ட்டுக்குச் செய்தது. நமது 230 வோல்ட்டில் அதைப் போட முடியாது. ஆனால் ஃபீடர் விதியை விட்டுவிடக் கூடாது.

காரணம் நமது எர்த். இங்கே வீட்டு இணைப்புகள் பெரும்பாலும் சொந்த எர்த் கம்பியை நம்பிய டி.டி. முறை. மலையகப் பாறை நிலத்தில் அந்தக் கம்பி 100 ஓம் காட்டினால், கேபிள் பழுதில் ஓடுவது 2.3 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. துறையின் இரும்புச் சட்டம் மின்னோடு நிற்கும். நன்னீரில் இது உப்புநீரைவிடக் கொடியது: நீரைவிட உடல் நன்றாகக் கடத்துவதால் மின்னோட்டம் நீந்துபவரைத் தேடி வரும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே கைகால் தசை பிடித்துக்கொள்ளலாம்.

ஆகவே கரைப்பெட்டியில் தாமதித்து விழும் எஸ் வகை 100 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச், துறையில் சொக்கெட்டுக்கு ஒரு 30. இரண்டு இடத்திலும் சாதாரண 30 போட்டால் ஒரு படகின் பழுதுக்கு முழுத் துறையும் இருண்டுவிடலாம். தொட்டால் 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்ற கணக்குப்படி 100 மில்லி ஆம்பியருக்கு எர்த் 500 ஓமுக்குள் இருந்தால் போதும். ஆனாலும் 200க்குக் கீழே இறக்குங்கள். அளப்பதை பெப்ரவரி, மார்ச் வறட்சியில் செய்யுங்கள். மழைக்கால அளவு ஏமாற்றும்.

சொக்கெட் உயரத்தில் பிரித்தானிய விதி உச்ச நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் கேட்கிறது. மிதக்கும் மேடைக்குத் தெறிப்புப் பாதுகாப்போடு 300 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். அமெரிக்கக் கணக்கு நீர்மட்டத்திலிருந்து 762, தளத்திலிருந்து குறைந்தது 305 மில்லிமீட்டர். கூடுதலானதை எடுங்கள், கம்பம்தானே நீளும். சொக்கெட் 16 ஆம்பியர் நீல நிறத் தொழிற்சாலை வகை, குறைந்தது ஐ.பி.44 (நீர்த் தெறிப்பைத் தாங்கும் தரம்). சதுர முள் 13 ஆம்பியர் வேண்டாம். பிளக் செருகியதும் பலவற்றின் மூடி திறந்தே கிடக்கும்.

வீட்டில் பழகியபடி பி.வி.சி. குழாய்க்குள் உறையில்லா வயரை இழுப்பதை 709 தடுக்கிறது. அலுமினியக் கேபிளும் கூடாது. காசல்ரீயில் நீர் இறங்கும்போது நடைபாலத்தின் சாய்வு மாறும். கீலில் முதலில் முறிவது குழாய்தான். ரப்பர் உறைக் கேபிள் (எச்07ஆர்என்-எஃப்), கீலில் தளர்வான வளைவு, அங்கே இணைப்பு எதுவும் இல்லை. கிரகரியில் நீர்மட்டம் அவ்வளவு மாறாது.

வெளிச்சம் மட்டும் போதுமென்றால் 230ஐ மேடைக்கே கொண்டுபோகாதீர்கள். கரையில் பாதுகாப்பு மின்மாற்றி, 24 வோல்ட், இரண்டாம் பக்கத்தை எர்த் செய்யக் கூடாது. 60 வாட் எல்.இ.டி., 40 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் 1.8 வோல்ட் இழப்பு, அதாவது 7.5 சதவீதம், 6 சதுரத்தில் ஏறக்குறைய 3. அதே 2.5ல் 12 வோல்ட் என்றால் 30 சதவீதம் போய்விடும்.

‘நீரில் மின்சாரம் இருக்கலாம்’ என்ற பலகையை அமெரிக்க விதி கட்டாயமாக்குகிறது. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, நடைபாலம் தொடங்கும் இடத்திலேயே.