கோபியில் ஒரு ஃபைபர் இணைப்பு: 4கே என்ற பெயரும் திரையில் வரும் படமும்

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி கொடுத்துவந்தவரே இப்போது ஃபைபர் இணைப்பும் தருகிறார். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) வேகம், ஒரு செட்டாப் பாக்ஸ், சில ஓடிடி செயலிகளுக்கான சந்தா ஆகிய மூன்றும் ஒரே மாதக் கட்டணத்தில் வந்துவிடுகின்றன. பகலில் இந்த இணைப்பைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கும் நேரமான இரவு எட்டு மணிக்கும் பத்தரை மணிக்கும் இடையில்தான் இது தடுமாறுகிறது. தொலைக்காட்சிக்காக இதை வாங்க நினைப்பவர்கள் அந்த நேரத்தை வைத்தே மதிப்பிட வேண்டும்.

அந்த நேரத்தில் படம் அடியோடு நின்றுபோவது அரிது. நிற்காமலே மங்கிவிடுகிறது என்பதுதான் குறை. ஓடிடி நிறுவனங்கள் ஒரே படத்தைப் பல தரங்களில் தயாரித்து, ஒவ்வொன்றையும் சில விநாடித் துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இணைப்பு தளரும்போது செட்டாப் பாக்ஸ் அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறது. படம் தடைபடக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் தரம் இறங்கியதைத் திரை நமக்குச் சொல்வதில்லை என்பதால், ஒளிப்பதிவே இப்படித்தான் போலிருக்கிறது என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்கிறார். ஒளிப்பதிவாளருக்கு இது பெரிய அநீதி.

இதைச் சொல்லி ஆளை வரவழைத்தால், வருகிற தம்பி கைப்பேசியில் வேகச் சோதனையை ஓட்டி 100 என்ற எண்ணைக் காட்டிவிட்டு, "லைன் நல்லாத்தானுங்க இருக்குது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சோதனை பெரும்பாலும் பக்கத்திலேயே உள்ள ஒரு சர்வர் வரைக்குமான பாதையைத்தான் அளக்கிறது. படம் வருகிற பாதை வேறு. நெட்ஃப்ளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம் என்ற சோதனை, அந்த நிறுவனத்தின் சர்வர்களிலிருந்தே தரவை இறக்கி அளப்பதால் உண்மை நிலைக்கு நெருக்கமாக இருக்கிறது. அதில் பகலில் 100ஐத் தொடும் எண், இரவு ஒன்பது மணிக்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவதை எங்கள் வீட்டில் பார்க்கிறோம்.

படத்தின் தரத்தைப் பொறுத்தவரை, நம் ஊர்ப் பக்கம் எடுத்த காட்சிகளைவிட நல்ல சோதனை கிடையாது. கொடிவேரி அணையில் பவானி ஆறு விழும் அழகை நேரில் பார்த்திராதவர்கள் இங்கே குறைவு. அதே அணை திரையில் வரும்போது, இணைப்பு நன்றாக உள்ள பகல் நேரத்தில்கூட நுரை சதுரம் சதுரமாக உடைவதைக் காணலாம். வீடியோவைச் சுருக்கும் முறைகள், முந்தைய சட்டகத்திலிருந்து (ஃபிரேம்) மாறாத பகுதிகளைத் திரும்ப அனுப்பாமல் விடுவதன் மூலமே பெருமளவு மிச்சம் பிடிக்கின்றன. விழும் தண்ணீரிலும், கொட்டும் மழையிலும், காற்றில் அலையும் நெல் வயலிலும் அப்படி மாறாத பகுதி என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. இருட்டுக் காட்சிகளில் சிக்கல் வேறு வகையானது. கருமையின் நுண்ணிய படிநிலைகள் சுருக்கத்தில் முதலில் அழிந்து, இரவு வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது.

4கே என்ற பெயர் குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள் உண்டு என்பதை மட்டுமே குறிக்கிறது. ஒவ்வொரு விநாடிக்கும் எவ்வளவு தரவு வருகிறது என்பதை அது சொல்வதில்லை. 4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் 15 எம்பிபிஎஸ். அதை முழுவதும் பயன்படுத்தினாலும் இரண்டரை மணி நேரப் படம் ஏறத்தாழ 17 ஜிபிதான் வரும். 4கே புளூ-ரே வட்டுகளோ 66 ஜிபி, 100 ஜிபி கொள்ளளவுகளில் வருகின்றன. 2013இல் வந்த ஹெச்ஈவிசி, 2018இல் வந்த ஏவி1 போன்ற சுருக்க முறைகள் குறைந்த தரவில் கூடுதல் தரம் தருவதால் இந்த இடைவெளி முழுவதும் கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மையே. ஒலியிலும் வட்டு எதையும் இழக்காமல் தருவதை ஓடிடி சுருக்கித்தான் தருகிறது. தமிழ்ப் படங்கள் வட்டாக வருவதே அரிதாகிவிட்ட நிலையில், திரையரங்கை விட்டுப் போன பிறகு நமக்கு மிஞ்சுவது இந்தச் சுருக்கிய பிரதி ஒன்றுதான் என்பதால், இதன் தரத்தைப் பற்றி நாம் கறாராக இருந்தே ஆக வேண்டும்.

இணைப்போடு வருகிற சந்தாவையும் பார்த்து வாங்க வேண்டும். இந்தியாவில் 2021 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் விலையைக் குறைத்தபோது, மாதம் 149 ரூபாய்த் திட்டம் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும் என்றும், 4கே தரம் 649 ரூபாய்த் திட்டத்துக்கு மட்டும் என்றும் வைத்தது. எங்களுக்குக் கிடைத்த தொகுப்பில் உள்ள சந்தாக்களில் எதுவும் 4கே தருவதில்லை. விளம்பரத் தாளில் மட்டும் 4கே என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. முன்வாசலில் ரௌட்டரை மாட்டிவிட்டு, இரண்டு கனத்த சுவர்களுக்கு அப்பால் டிவியை வைத்துக்கொண்டு வைஃபையை நம்பாமல், ஒரு லேன் கேபிளை இழுத்துவிட வேண்டும். பல டிவிகளில் அந்தத் துளை 100 எம்பிபிஎஸ் வரைதான் தாங்கும் என்றாலும் ஓடிடிக்கு அது தாராளம்.

பாராட்ட வேண்டியதும் உண்டு. ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து, கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருக்கும் ஃபைபர் அறுந்துபோவது இங்கே வாடிக்கை. புகார் சொன்னால் பெரும்பாலும் அன்று மாலைக்குள் ஏணியோடு வந்து ஒட்டவைத்துவிடுகிறார்கள்; எந்த வீட்டின் லைன் எந்தக் கம்பத்தில் போகிறது என்று அந்தத் தம்பிக்கு மனப்பாடம்.

புதுப்பிக்கும்போதெல்லாம் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். ஒரு படத்துக்கு 15 போதும் என்கிறபோது, இரவில் நெரிசல் ஏற்படுவது தெருவுக்கு வெளியே என்கிறபோது, அதற்குப் பணம் கட்டுவதில் பொருளில்லை. இணைப்பு தருபவர், வெளியிலிருந்து தாம் மொத்தமாக வாங்கும் இணைப்பின் அளவைக் கூட்ட வேண்டும். அதைச் செய்து இரவிலும் நிலையான வேகம் தருவாரானால், மாதம் நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க எங்கள் தெருவில் பலர் தயாராக இருக்கிறோம் என்பதை அவரிடமே சொல்லியிருக்கிறோம்.