சேலத்தில் கிடைக்கும் சாஃப்ட்பால் அம்பயர் சேவை: ஹோம் பிளேட்டில் கெட்டி, முதல் பேஸில் கோட்டை விடுகிறார்கள்

பள்ளி, கல்லூரி மகளிர் ஆட்டங்களுக்குப் பேட்டர் நின்று அடிக்கும், ரன் முடியும் ஹோம் பிளேட்டுக்கு ஒருவர், ஓடித் தொடும் பேஸுக்கு ஒருவர் என்று 2 அம்பயர்களை அனுப்பும் குழு இது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கும் வருகிறார்கள், நேரம் தவறுவதில்லை. வீச்சை ஸ்ட்ரைக், பால் என்று கூப்பிடுவதிலும் குறையில்லை. ஆட்டத்தில் சண்டை கிளம்புவது பெரும்பாலும், பந்து கையில் இல்லாத ஃபீல்டர் ஓடுபவரின் வழியை மறிக்கும் அப்ஸ்ட்ரக்‌ஷனில்தான். எனவே அதை மட்டும் பார்ப்போம்.

ஹோம் பிளேட்டில் இவர்கள் கெட்டி. த்ரோ பாதி வழியில் இருக்கிறது. கேட்சரின் இடது கால் மூன்றாம் பேஸ் கோட்டுக்குக் குறுக்கே. ஓடி வரும் பெண் 2 எட்டு தயங்குகிறாள். அம்பயரின் இடது கை உடனே பக்கவாட்டில் நீண்டு முஷ்டி மடங்குகிறது, ஆட்டம் நிற்பதில்லை. பந்தோடு அவளைத் தொடும் டேக் விழுந்த பிறகே டெட் பால் என்று ஆட்டத்தை நிறுத்துகிறார், ரன் உண்டு. "பந்து வாங்கத்தானே சார் நின்னா?" என்று கோச் ஓடி வந்தால் பதிலும் சரியாக வருகிறது: கையில் பந்து இருக்கணும், இல்லையென்றால் பேட்டில் பட்டு வரும் பந்தை எடுத்துக்கொண்டிருக்கணும். த்ரோவுக்குக் காத்திருப்பது செல்லாது. இடித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கோளாறு முதல் பேஸில். பந்து அவுட்ஃபீல்டுக்குப் போனதும் பேஸ் அம்பயர் உள்ளே ஓடித் திரும்பி, ரன்னர் பேஸைத் தொடுவதைப் பார்க்க வேண்டும். இவர் வெளியிலேயே நின்று பந்தைப் பார்க்கிறார். பேஸின் உள்மூலையில் நிற்கும் ஃபீல்டரைச் சுற்றி ரன்னர் வளைந்து ஓடுவது கண்ணில் படுவதே இல்லை. சுண்ணாம்புக் கோடு மூன்றாவது இன்னிங்ஸிலேயே அழிந்துபோகும் நம் செம்மண் மைதானங்களில், பிறகு கேட்டுப் பயனில்லை.

கண்ணில் பட்டாலும் அடுத்த தவறு: எதற்கும் 'ஒரு பேஸ்' கொடுத்துவிடுகிறார். விதி அப்படி இல்லை. தடை இல்லாவிட்டால் எந்த பேஸை எட்டியிருப்பாளோ, அதுதான் கணக்கு. தடுக்கப்பட்ட 2 பேஸுக்கு நடுவே டேக் ஆனாலும் அவுட் கிடையாது. எட்டியிருக்கக்கூடிய பேஸுக்கு முன்னேற்றவோ, பின்னால் அனுப்பவோ வேண்டும். அந்தப் பாதுகாப்பைத் தாண்டி மேலே ஓடினால் அவள் பொறுப்பு. பேஸைத் தொடாமல் போனால் எதிரணியின் அப்பீலில் அவுட்.

பந்து இல்லாமலே டேக் போடுவதுபோல் பாவனை காட்டுவதும் அப்ஸ்ட்ரக்‌ஷன்தான். இதை இவர்கள் ஒழுங்காகப் பிடிக்கிறார்கள்.

5-க்கு மூன்றரை தரலாம். அழைப்பவர்கள் ஆட்டத்துக்கு முந்தைய பிளேட் கூட்டத்திலேயே, முதல் பேஸில் யார் கண் வைப்பது என்று இருவரிடமும் கேட்டுவிடுங்கள்.