திரேஸ்புரத்தில் வாங்கிய பழைய ஃபைபர் வள்ளம்: ஆறு மாசம் ஓட்டிய பிறகு

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் 22 அடி ஃபைபர் வள்ளம், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினோடு, ஒன்றே கால் லட்சம். தொழிலுக்கு நான் புதுசு. பெயின்ட் பளபளப்பில் மயங்கி அட்வான்ஸ் கொடுக்கப் போனவனை மாமாதான் நிறுத்தினார். "ஏல மருமவனே, பெயின்ட்டா மீன் புடிக்கும்?"

சுத்தியல் பிடியால் வள்ளம் முழுக்கத் தட்டினார். எல்லா இடமும் 'டக்'கென்றது. எஞ்சின் மாட்டும் பின்பலகை மட்டும் 'பொத்'தென்றது. போல்ட் துளை வழியாக நீர் இறங்கி, ஃபைபருக்குள் இருக்கிற பிளைவுட் ஊறிக் கிடந்தது. அதைச் சொல்லி 15,000 குறைத்தோம். மாற்றியதற்கு ஆனது 18,000. அந்த மூவாயிரம் இன்னும் வயிற்றெரிச்சல்தான்.

எஞ்சினில் குறையே இல்லை. டிரம் தண்ணீரில் இறக்கி ஓட்டியபோது குளிர்விக்கும் நீர் சீராகப் பீச்சியது. விற்றவர் கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிற ஆள் போல. உள்ளே உப்புப் பூக்கவில்லை. அலையில் வள்ளம் கொஞ்சம் தூக்கிப்போடும், பழகிவிட்டது.

பணத்தை முழுசாகக் கொடுக்குமுன் பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணை எஞ்சினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. இரண்டு எண் மாறியிருந்தது, விற்றவரைத் தேடி நாலு நடை.