முகூர்த்த ரவிக்கையை இணையத்தில் எங்கே விற்பது?

கொக்கி ஊசியால் துணியில் பூவேலை செய்யும் ஆரி வேலையைக் கற்றுக்கொண்டு, வீட்டுக் கூடத்திலேயே துணியை இழுத்துக் கட்டும் சட்டம் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் இன்று தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கை தேர்ந்ததும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: உள்ளூர் வேலையை மட்டும் நம்பாமல் கல்யாண ரவிக்கைகளை இணையத்தில் விற்க எது நல்ல வழி? இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் போதுமா, எட்சி என்ற வெளிநாட்டுக் கைவினைத் தளத்தில் கடை திறக்கலாமா, அமேசான், மீஷோ போன்ற சந்தைகளில் சேரலாமா, சொந்தமாக இணையதளம் வேண்டுமா? யோசனை சொல்பவர்கள் உடனே கமிஷன் சதவீதத்தில் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது வேறு: துணி யாருடையது?

காஞ்சிபுரம் பட்டில் ரவிக்கைத் துணி சேலையோடு சேர்ந்தே வருகிறது. மணப்பெண் வீட்டார் அதை வெட்டி, கூடவே ஓர் அளவு ரவிக்கையும் வைத்து அனுப்புகிறார்கள். கத்தரி தவறினால் அதே நிறத்தில் அதே ஜரிகையில் இன்னொரு துண்டு கிடைக்காது. முகூர்த்த நாளும் தள்ளிப்போகாது. ஆக, இங்கே விற்பது ஒருவருடைய துணியில், அவருடைய உடம்பு அளவுக்கு, ஒரு தேதிக்குள் முடித்துத் தரும் வேலை. இன்னொரு வகையும் உண்டு. நீங்களே ராசில்க் வாங்கி, கழுத்துக்கும் கைக்கும் வேலை செய்து, தைக்காத துண்டாகவோ பொது அளவில் தைத்தோ விற்பது. இரண்டும் ஒரே ஊசி, ஒரே கை. வியாபாரம் என்று வரும்போது இரண்டும் வேறு வேறு. முதல் வகைக்குப் பொருந்தும் தளம் இரண்டாவதற்கு வீண். இதைப் பார்க்காமல் செய்யும் கமிஷன் கணக்கால் பயனில்லை.

முதல் வகைக்கு இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டு, அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராமின் குறுவீடியோ வசதியான ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. ஊசி துணியில் ஏறி இறங்கும் காட்சியை அது லட்சக்கணக்கானோரிடம் கொண்டு சேர்த்தது. ஆனால் ரீல்ஸ் பார்த்து யாரும் பணம் கட்டுவதில்லை. பேச்சு வாட்ஸ்அப்புக்கு வந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. சேலை பார்டரின் படம் வரும். பின்கழுத்து எவ்வளவு இறக்கம், நாடா வேண்டுமா, குந்தன் கல் அதிகமா கட்பீட்ஸ் மணி அதிகமா என்று குரல்பதிவுகள் வரும். பெண்ணுக்குப் பிடித்த மயில் அவள் அம்மாவுக்குப் பிடிக்காது. அத்தைக்கும் ஒரு கருத்து இருக்கும். இத்தனை பேச்சைத் தாங்கும் இடம் எந்தச் சந்தைத் தளத்திலும் கிடையாது.

செலவும் குறைவு. யுபிஐ வழியாக வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கு விற்பவரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இலவசமாகவே பொருள் பட்டியல் போடலாம். முன்பணம் வந்தது, துணி வந்தது, சட்டத்தில் இருக்கிறது, தையலுக்குப் போய்விட்டது என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டிக்கொள்ளலாம். ஆடி மாதத்தில் இதன் அருமை தெரியும். ஆடியில் கல்யாணம் இல்லையே, ஓய்வாக இருப்பார்கள் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆவணி முகூர்த்தத் துணியெல்லாம் வந்து குவிவதே அப்போதுதான். மார்கழியிலும் தை மாதத்தை முன்னிட்டு இதே கதை.

குறைகள் இல்லாமல் இல்லை. நள்ளிரவில் "விலை என்ன அக்கா?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் ஏராளம். உங்கள் டிசைனைப் படம்பிடித்து உள்ளூர் தையற்கடையில் காட்டிப் பாதி விலைக்குச் செய்துகொள்கிறவர்களும் உண்டு. அதைத் தடுக்க ஒரு வழியும் இல்லை, மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். பெரிய குறை, தகராறு வந்தால் நடுவில் நின்று தீர்க்க யாரும் இல்லாதது. பார்த்திராத ஒருவருக்குப் பட்டுத்துணியைக் கூரியரில் அனுப்பப் பெண் வீட்டாருக்கும் பயம்தான். பார்சலைப் பிரித்து, துணியை நாடா வைத்து அளந்து, கறை கிழிசல் இல்லை என்று காட்டும் ஒரு வீடியோவை அன்றே அனுப்பிவிட்டால் இரு தரப்புக்கும் அதுவே ரசீது. பாதித் தொகை கைக்கு வரும் முன் துணியைச் சட்டத்தில் ஏற்ற வேண்டாம்.

அமேசானும் மீஷோவும் இந்தப் பொருளுக்குச் சரிவராது. மீஷோ விற்பவரிடம் கமிஷன் வாங்குவதில்லை. கைவினைஞர்களுக்காக அமேசானில் காரிகர் என்ற திட்டமே இருக்கிறது. ஆனால் விரல் அகலப் படத்தில் உங்கள் கைவேலைக்கு அருகில் கணினி எம்பிராய்டரி ரவிக்கை ஒன்று சில நூறு ரூபாய்க்கு நின்றுகொண்டிருக்கும். வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். வித்தியாசத்தைக் காட்ட ஒரே வழி, லைனிங் வைத்துத் தைக்கும் முன் துணியைத் திருப்பிப் பின்பக்கத் தையலை அருகிலிருந்து காட்டுவது. மலிவு விலைப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போகும் கூட்டத்தில் அதை நின்று பார்க்க ஆள் இல்லை. போதாததற்கு அளவு சரியில்லை என்று திரும்பி வரும் பார்சல்கள் வேறு.

எட்சி வேறு உலகம். 2005இல் நியூயார்க்கில் கைவினைப் பொருட்களுக்காகவே தொடங்கிய தளம் என்பதால், அங்கே வருகிறவர் கைவேலைக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக வருகிறார். செய்து முடிக்க எத்தனை நாள் என்பதையும் நீங்களே குறிக்கலாம். லண்டன், டொரன்டோ போன்ற நகரங்களில் தமிழ்க் கல்யாணங்களுக்குக் குறைவில்லை. இரண்டாவது வகைச் சரக்குக்கு, அதிலும் தைக்காத துண்டுக்கு, இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தையலை அவர்கள் ஊர்த் தையற்காரர் பார்த்துக்கொள்வார். அளவுத் தகராறும் உங்களைத் தொடாது.

விலையைக் கணக்குப் போட்டு வையுங்கள். ஒரு பொருளைப் பட்டியலிட நான்கு மாதத்துக்கு 20 சென்ட். விற்றால் 6.5 சதவீதம், 2022 ஏப்ரல் வரை இது 5 ஆக இருந்தது. அனுப்பும் செலவுக்கும் சேர்த்தே இந்தச் சதவீதம் பிடிக்கப்படும். 100 டாலர் துண்டுக்கு 25 டாலர் அனுப்பும் செலவு என்றால் 125இல் 8 டாலருக்கு மேல் போகிறது. வெளித்தளங்களில் எட்சி செய்த விளம்பரம் வழியாக வாங்கியவர் வந்திருந்தால் இன்னும் 15 சதவீதம், அதாவது 18.75 டாலர். ஆண்டு விற்பனை 10,000 டாலருக்குள் இருந்தால் இந்த விளம்பரத்தை வேண்டாம் என்று அணைத்துவிடலாம். பலர் அணைக்க மறந்துவிடுகிறார்கள். பணம் பெற்றுத்தரும் கட்டணம் தனி. அமெரிக்காவுக்கு விற்பவர்களுக்கு இன்னொரு சுமை: 800 டாலருக்குக் குறைந்த பார்சலுக்கு இருந்த சுங்க விலக்கை அந்நாடு 2025 ஆகஸ்ட் 29இல் நிறுத்திவிட்டது. சுங்கத்தை யார் கட்டுவது என்பதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

வரியில் 'துணி யாருடையது' என்ற கேள்வி மறுபடியும் வருகிறது. பிறர் துணியில் செய்து தரும் வேலை ஜிஎஸ்டி சட்டப்படி சேவை. உங்கள் துணியில் தைத்து விற்றால் அது பொருள், ஆடை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை உள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் 6,000 ரூபாய்க்குத் தைத்த ரவிக்கை விற்றால் வரி மட்டும் 1,080. கல்யாண ரவிக்கையை 2,500க்குள் அடக்க முடியாது என்பதை இந்த வரம்பை வைத்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். பதிவு எப்போது கட்டாயம் என்பது வேலைக்கும் சரக்குக்கும் ஒரே மாதிரி இல்லை. மாநிலம் தாண்டி விற்கும் முன் ஓர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுங்கள்.

சொந்த இணையதளத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். மாதச் சந்தா, பணம் பெறும் சேவைக்கு ஏறக்குறைய 2 சதவீதம், இவையெல்லாம் பெரிய தொகை இல்லை. ஆளை நாமே கூட்டி வரவேண்டும் என்பதுதான் சிரமம். பழைய வாடிக்கையாளர் தங்கைக்கும் தோழிக்கும் உங்கள் பெயரைச் சொல்லத் தொடங்கிய பிறகு செய்தால் போதும். அப்போதும் ஒரே ஒரு பக்கம் போதும்: வேலைப்பாட்டுக்கு ஏற்ப விலை எங்கிருந்து எங்கே வரை, முகூர்த்தத்துக்கு எத்தனை வாரம் முன்பு துணி கைக்கு வரவேண்டும், முன்பணம் எவ்வளவு. நள்ளிரவில் விலை கேட்பவர்களுக்கு அந்த இணைப்பை அனுப்பிவிட்டுத் தூங்கலாம். தள முகவரியைச் செய்துகொடுத்த பையன் பெயரில் விடாமல் உங்கள் பெயரிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள்.